'அடுத்து' பொத்தானை அழுத்தினால் படிப்பு வருமா?

கம்ப்யூட்டர் பாடங்கள் எப்படித் தயாராகின்றன? வாத்தியார் இல்லாத வகுப்பில் வாத்தியார் வேலையைச் செய்வது யார்?

கம்பெனியில் இருந்து ஊழியரின் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. "பாதுகாப்புப் பயிற்சிப் பாடத்தை இன்று மாலை 5 மணிக்குள் முடிக்கவும்" என்கிறது அந்தச் செய்தி.

ஊழியர் பாடத்தைத் திறக்கிறார். திரையில் பத்துப் பன்னிரண்டு வரிகள். கீழே ஒரு பொத்தான். அதில் 'அடுத்து' என்று எழுதி இருக்கிறது. அதை அழுத்துகிறார். மறுபடியும் பத்து வரிகள். மறுபடியும் 'அடுத்து'.

இப்படி 40 தடவை அழுத்துகிறார். முடிவில் 5 கேள்விகள் வருகின்றன. பக்கத்து மேஜை நண்பர் காலையிலேயே முடித்துவிட்டார். அவரிடம் விடைகளைக் கேட்டுத் தட்டுகிறார். "வாழ்த்துகள்! நீங்கள் பயிற்சி பெற்றுவிட்டீர்கள்" என்று பூமாலையுடன் சான்றிதழ் வருகிறது.

"என்ன படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

பாடம் தயாரிக்கிறவர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். அதனால் அவர்கள் 'அடுத்து' பொத்தானுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரு நிமிடம் ஆனால்தான் பொத்தான் வேலை செய்யும்! ஊழியர் என்ன செய்கிறார்? போனை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

இப்படிப்பட்ட பாடங்களுக்கு "இ-லேர்னிங்" என்று பெயர். பள்ளி, கல்லூரி, பாங்கி, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, விமான கம்பெனி எல்லாவற்றிலும் இன்று இவை இருக்கின்றன. ஆனால் இவற்றை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் நினைத்தது இது அல்ல. அவர்கள் நினைத்ததே வேறு!

மிட்டாய் கொடுத்த எந்திரம்

அமெரிக்காவில் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற பேராசிரியர் இருந்தார். 1920-களில் அவர் ஒரு சிறு எந்திரம் செய்தார். பார்ப்பதற்கு டைப்ரைட்டர் மாதிரி இருக்கும்.

எந்திரத்தின் சிறு ஜன்னலில் ஒரு கேள்வி தெரியும். அதற்கு 4 விடைகள். 4 பொத்தான்கள். சரியான பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். தப்பான பொத்தானை அழுத்தினால் எந்திரம் அசையாது. அதே கேள்வி அப்படியே நிற்கும்.

சரியான விடைகள் சொன்னால் ஒரு மிட்டாய் விழும்படியும் அதில் ஓர் ஏற்பாடு இருந்தது!

கவனியுங்கள். இந்த எந்திரத்திலும் அடுத்த கேள்விக்குப் போக ஒரு பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். ஆனால் அதை அழுத்துவதற்கு முன்னால் மூளை வேலை செய்தாக வேண்டும். இன்றைய 'அடுத்து' பொத்தானுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிரெஸ்ஸியின் எந்திரம் அவ்வளவாக விலை போகவில்லை.

தகப்பனார் கண்ட காட்சி

1953-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு பள்ளிக்கூடம். பெற்றோர்கள் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள்.

நாலாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தகப்பனார் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அந்த வகுப்பில் படித்தாள்.

ஆசிரியை கரும்பலகையில் கணக்குகளை எழுதினார். பிள்ளைகள் நோட்டில் போட்டார்கள். சில பிள்ளைகள் சட்டென்று முடித்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சில பிள்ளைகள் முதல் கணக்கிலேயே முழித்தார்கள். நோட்டைத் திருத்தி மறுநாள்தான் கொடுப்பார்கள். தான் போட்டது சரியா, தப்பா என்று அதுவரை எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

தகப்பனாருக்கு மனம் ஆறவில்லை.

அவர் சாதாரண ஆள் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியர் பி.எப்.ஸ்கின்னர். அப்போது அவருக்கு வயது 49. எலிகளையும் புறாக்களையும் பழக்கிப் பேர் வாங்கியவர். "ஒரு புறாவுக்குக் கொடுக்கும் கவனத்தைக்கூட இந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவில்லையே" என்று எண்ணும்படி இருந்தது அந்தக் காட்சி.

சில நாட்களில் அவர் ஒரு பெட்டி செய்தார். கணக்கு ஒன்று தெரியும். பிள்ளை விடையைக் காட்டும். விடை சரியா என்பது அப்போதே தெரிந்துவிடும். அவசரக்காரப் பிள்ளை வேகமாகப் போகலாம். நிதானக்காரப் பிள்ளை மெதுவாகப் போகலாம். 1954-ம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில் அதை எல்லோருக்கும் காட்டினார்.

உடனே பதில், அவரவர் வேகம். இந்த இரண்டும்தான் ஸ்கின்னர் சொன்னவை. இன்றைக்கும் இவை இல்லாமல் நல்ல பாடம் கிடையாது.

ஆனால் ஸ்கின்னரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளைகள் தப்பே செய்யக்கூடாது என்று அவர் நினைத்தார். அதனால் பாடத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினார். அடிமேல் அடி வைத்துப் போனால் யாரும் விழமாட்டார்கள் அல்லவா?

இன்னொரு அமெரிக்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பெயர் நார்மன் கிரவுடர். விமானப் படையில் எந்திரம் பழுது பார்க்கிறவர்களுக்குப் பயிற்சிப் பாடம் அமைத்தவர். "தப்பு செய்யட்டும். எந்தத் தப்பு செய்கிறான் என்பதைப் பார்த்தால்தான் அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும்" என்பது அவர் கட்சி.

அவர் விசித்திரமான புத்தகங்களைத் தயாரித்தார். ஒரு பக்கத்தில் பாடமும் கேள்வியும் இருக்கும். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண் இருக்கும். சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் புதிய பாடம் உள்ள பக்கத்துக்குப் போகலாம். தப்பான விடையைத் தேர்ந்தெடுத்தாலோ, வேறொரு பக்கம் வரும். நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள், எந்த இடத்தில் வழி தவறினீர்கள் என்று அந்தப் பக்கம் எடுத்துச் சொல்லும். பிறகு பழைய கேள்விக்கே திருப்பி அனுப்பும்.

வெறுமனே "தப்பு" என்று சொல்வது ஒன்று. "ஏன் தப்பு" என்று சொல்வது வேறொன்று. இன்று தயாராகும் நல்ல கம்ப்யூட்டர் பாடங்களின் உயிர்நாடி கிரவுடர் சொன்ன அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது.

ஆரஞ்சு நிறத் திரை

இந்த எந்திரங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது 1960-ம் ஆண்டில். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டான் பிட்சர் என்ற 26 வயது என்ஜினீயர் "பிளாட்டோ" என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். முதலில் ஒரே சமயத்தில் ஒரு மாணவர்தான் அதில் படிக்க முடியும்! பிறகு இரண்டு பேர். காலப்போக்கில் அது பல இடங்களுக்குப் பரவியது.

பிட்சரும் அவர் கூட்டாளிகளும் பிளாட்டோவுக்காகவே 1964-ம் ஆண்டில் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் எழுத்துகள் ஒளிவிடும். 1972-ல் வந்த திரையை விரலால் தொட்டே விடை சொல்லலாம். தொடுதிரை செல்போன்கள் நம் சட்டைப்பைக்கு வந்தது அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகு! பிட்சர் 2024-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.

பிளாட்டோவில் இருந்த ஒரு பாடத்தைச் சொல்கிறோம். விஞ்ஞான மாணவர்களுக்குப் பரம்பரைக் குணம் பற்றிய பாடம். அப்பா, அம்மாவின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பது.

மாணவர் ஓர் ஆண் ஈயையும் ஒரு பெண் ஈயையும் தேர்ந்தெடுப்பார். திரையில் அவற்றுக்குக் குஞ்சுகள் பிறக்கும். குஞ்சுகளின் கண் என்ன நிறம், இறக்கை எப்படி என்று பார்ப்பார். பிறகு வேறொரு ஜோடியைச் சேர்ப்பார். நிஜமான ஈக்களை வளர்த்தால் ஒரு தலைமுறைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இங்கே சில வினாடிகள்தான். இப்படிச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, விதி என்ன என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். விதியை எடுத்துச் சொல்லி, 'அடுத்து' அழுத்தச் சொல்லவில்லை!

பிளாட்டோவின் விசைப்பலகையிலும் 'அடுத்து' என்று ஒரு விசை இருந்தது. ஆனால் அதோடு 'உதவி' என்றும் ஒரு விசை இருந்தது. 'பின்னால் போ' என்று ஒன்று. பரிசோதனை செய்து பார்க்க ஒன்று. காலப்போக்கில் மற்ற விசைகளை எல்லாம் மறந்துவிட்டு, 'அடுத்து' ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஒரு பாடம் பிறக்கிறது

ஒரு பாடம் எப்படித் தயாராகிறது? எல்லோர் வீட்டிலும் இருக்கும் கேஸ் சிலிண்டரை வைத்தே சொல்லலாம்.

"சமையல் கேஸ் கசிந்தால் என்ன செய்வது?" இதுதான் பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

சோம்பேறியான ஆசாமி இதை எப்படித் தயாரிப்பார்? "சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவைக் கண்டுபிடிப்பதற்காக நாற்றம் பிடித்த ஒரு பொருளைக் கலக்கிறார்கள்" என்று எழுதுவார். எல்லாம் உண்மைதான். கீழே ஒரு சிலிண்டர் படம். அதற்கும் கீழே 'அடுத்து'.

கெட்டிக்காரர் அப்படித் தொடங்கமாட்டார். அவர் முதலில் ஜனங்களிடம் போவார். "கேஸ் வாசனை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று பத்துக் குடும்பத் தலைவிகளிடம் கேட்பார். கேஸ் கம்பெனி மெக்கானிக்கிடமும், தீயணைப்பு வீரரிடமும் கேட்பார். அவர்கள் சொல்வதில் இருந்துதான் பாடம் பிறக்கிறது.

பிறகு திரையில் ஒரு காட்சி வரும். இரவு 9 மணி. நீங்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்புகிறீர்கள். கதவைத் திறக்கிறீர்கள். வீடு இருட்டு. குப்பென்று கேஸ் வாசனை. உள்ளே போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

விளக்கைப் போடுவேன். சமையல் அறையில் உள்ள காற்று இழுக்கும் விசிறியைப் போட்டு வாசனையை வெளியேற்றுவேன். கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடுவேன். அங்கேயே நின்று கேஸ் கம்பெனிக்குப் போன் செய்வேன்.

இந்த நாலில் ஒன்றைத் தொட வேண்டும்.

தப்பான மூன்று விடைகளையும் பாருங்கள். ஒன்றுகூட முட்டாள்தனமானது அல்ல. பதற்றத்தில் நல்ல மனிதர்கள் செய்கிற காரியங்கள்தான் அவை. "தீக்குச்சி கிழித்துப் பார்ப்பேன்" என்று ஒரு விடையை வைத்திருந்தால் எந்தக் குழந்தையும் அதைத் தள்ளிவிடும். அந்த விடையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பான விடைகளை எழுதுவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்!

நீங்கள் விசிறியைத் தொட்டதாக வைத்துக்கொள்வோம். "தவறு! 0 மதிப்பெண்" என்று சிவப்பு எழுத்து வரக்கூடாது. "வாசனையை வெளியேற்ற நினைத்தது சரி. ஆனால் சுவிட்சைத் தட்டும்போது உள்ளே ஒரு சிறு பொறி கிளம்பும். கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம். அது மேலே போகாமல் தரையிலும் மூலையிலும் தேங்கி இருக்கும். ஒரு பொறி பட்டாலும் போதும்" என்று வர வேண்டும்.

கேஸ் கனமானது என்ற செய்தி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் எப்போது வந்தது? அது தேவைப்பட்ட நேரத்தில்! அதனால்தான் மனத்தில் நிற்கிறது.

சரியான விடையைத் தொட்டால் காட்சி மேலே நகரும். பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வருகிறார். "ஹாலில் சாமி விளக்கு எரிகிறதே, மின்சார பல்பை அணைத்துவிடவா?" என்கிறார். என்ன சொல்வீர்கள்? அணைப்பதும் கூடாது. போடும்போது கிளம்பும் பொறி, அணைக்கும்போதும் கிளம்பும். வெளியே வந்து, தூரத்தில் நின்றுகொண்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

இவ்வளவும் 5 நிமிடத்துப் பாடம். இதை எழுதுகிறவருக்கு ஆகும் நாட்களைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். முதலில் ஒவ்வொரு திரையிலும் என்ன படம், என்ன எழுத்து, எந்த விடைக்கு எந்தப் பதில் என்று காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொள்வார்கள். சினிமாக்காரர்கள் காட்சிகளைப் படமாக வரைந்துகொள்வதைப் போலத்தான். அதை நிபுணர்கள் பார்த்துத் திருத்திய பிறகே கம்ப்யூட்டரில் கை வைப்பார்கள்.

பாடம் வேண்டாத இடங்கள்

ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கையுறை போடுவது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி என்ன சொல்வார்? "கையுறையின் அவசியம் பற்றி ஒரு பாடம் தயார் செய்யுங்கள்" என்பார்.

நல்ல பாட வடிவமைப்பாளர் நேரே தொழிற்சாலைக்குள் போய்ப் பார்ப்பார். கையுறை எல்லாம் ஒரே அளவு. பெண்களின் கைக்குத் தொளதொள என்று இருக்கிறது. அல்லது கையுறை இருக்கும் அலமாரியின் சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது. மேஸ்திரி 9 மணிக்குத்தான் வருகிறார். இதற்குப் பாடம் எதற்கு? சின்ன அளவுக் கையுறை வாங்கினால் போதும். சாவியை இன்னொருவரிடம் கொடுத்தால் போதும்.

"பாடம் வேண்டாம்" என்று சொல்லித் தன் வருமானத்தையே விட்டுக்கொடுக்கும் வடிவமைப்பாளர் கிடைத்தால், அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்!

ஒரு வாரம் போனால் தெரியும்

2006-ம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரு நிபுணர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவைதான் படித்தார்கள். பிறகு பாடத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள்.

5 நிமிடம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, இரண்டு தடவை படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். அவர்களுக்கு 81 சதவீதம் நினைவு இருந்தது. மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, கதை தலைகீழ்! இரண்டு தடவை படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவு இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம்.

ஆகவே கேள்வி என்பது பாடத்தின் கடைசியில் வைக்கும் பரீட்சை மட்டும் அல்ல. கேள்வியே பாடம்! நினைவைத் தோண்டி எடுக்கும் முயற்சியில்தான் அது ஆழமாகப் பதிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு விதமாகப் பௌதிகப் பாடம் நடத்தி, 2019-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சொற்பொழிவு கேட்டவர்களைவிட, தாமே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் "நீங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டபோது, சொற்பொழிவு கேட்டவர்கள்தான் "நிறையக் கற்றோம்" என்றார்கள்! காதுக்குச் சுகமாக இருந்ததைப் படிப்பு என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் "பாடம் பிடித்திருந்ததா?" என்று நட்சத்திரம் போடச் சொல்லும் கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

படமும் பாட்டும் நிறையச் சேர்த்தால் நல்லது என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் ரிச்சர்டு மேயர் இதைச் சோதித்துப் பார்த்தார். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதுதான் பாடம். படத்துடன் குரல் கேட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அந்தக் குரல் சொன்ன வார்த்தைகளையே திரையிலும் எழுதிக் காட்டியபோது புரிவது குறைந்தது! கண் எழுத்தைப் பார்ப்பதா, படத்தைப் பார்ப்பதா என்று திண்டாடுகிறது. சுவாரசியத்துக்காக, பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாத மின்னல் காட்சிகளைச் சேர்த்தபோதும் அப்படியே ஆயிற்று.

காது கேளாதவர்களுக்கு எழுத்து கட்டாயம் தேவை. அதனால் வேண்டும்போது போடவும், வேண்டாதபோது எடுக்கவும் வசதி வைப்பதே சரி. அதேபோல் சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு என்று நிறத்தை மட்டும் காட்டக்கூடாது. அந்த இரு நிறங்களையும் பிரித்து அறிய முடியாத ஆண்கள் பலர் இருக்கிறார்கள்.

346 உயிர்கள்

எழுத்தைப் படித்து அறிவதும், செய்து பார்த்துப் பழகுவதும் எவ்வளவு வித்தியாசமானவை என்பதை விமானிகள் நன்றாக அறிவார்கள்.

அமெரிக்காவில் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தந்தை பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ விமானப் பைத்தியம்! வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே 1929-ம் ஆண்டில் ஒரு பொய் விமானம் செய்தார். தரையைவிட்டுக் கிளம்பாது. ஆனால் கைப்பிடியைத் திருப்பினால் நிஜ விமானம் போலவே சாயும், நிமிரும். முதலில் அதை விளையாட்டுப் பொருளாகத்தான் நினைத்தார்கள். 1934-ல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் பலர் கெட்ட வானிலையில் விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் அந்தப் பெட்டிகளை வாங்கியது. இரண்டாவது உலக யுத்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகினார்கள்.

இன்று அதற்கு "சிமுலேட்டர்" என்று பெயர். அது விலை உயர்ந்தது. விமானிகளை வேலையில் இருந்து எடுத்து அனுப்ப வேண்டும். அதனால் செலவு அதிகம்.

போயிங் கம்பெனி 737 மேக்ஸ் என்ற புதிய விமானத்தைக் கொண்டுவந்தபோது, பழைய 737 ஓட்டியவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவை இல்லை என்று ஏற்பாடு ஆயிற்று. சில மணி நேரத்தில் முடியும் கம்ப்யூட்டர் பாடம் போதும் என்றார்கள். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால், விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் விலையில் குறைப்பதாக அமெரிக்காவின் ஒரு விமான கம்பெனியிடம் போயிங் ஒப்புக்கொண்டு இருந்தது. இது 2020-ல் அமெரிக்க பாராளுமன்றக் குழுவின் அறிக்கையில் வெளியாயிற்று.

அந்த விமானத்தில் "எம்காஸ்" என்ற புதிய தானியங்கி ஏற்பாடு இருந்தது. சில நேரங்களில் விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே இறக்கும். கம்ப்யூட்டர் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை!

2018 அக்டோபர் 29-ந்தேதி. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவில் இருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் 13 நிமிடத்தில் கடலில் விழுந்தது. 189 பேரும் மாண்டார்கள். 2019 மார்ச் 10-ந்தேதி. அடிஸ் அபாபாவில் இருந்து கிளம்பிய எத்தியோப்பிய விமானம் 6 நிமிடத்தில் விழுந்தது. 157 பேர் மாண்டார்கள்.

பாடம்தான் இந்த விபத்துகளுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு உணர்கருவியை நம்பி எம்காஸை அமைத்ததுதான் முதல் குற்றம். அந்தக் கருவி தப்பான கணக்குக் கொடுத்தது. விமானிகள் மூக்கைத் தூக்கத் தூக்க, எம்காஸ் இறக்கிக்கொண்டே இருந்தது. எதனோடு போராடுகிறோம் என்பது முதல் விமானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் படித்த எந்தப் பக்கத்திலும் அது இல்லை.

2020 நவம்பரில் அந்த விமானங்கள் மறுபடியும் பறக்க அமெரிக்க அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். அப்போது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, விமானிகள் சிமுலேட்டரில் பழகியே ஆக வேண்டும் என்பது.

நம் நாட்டில்

சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ம் ஆண்டில் "என்பிடெல்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. பெரிய பேராசிரியர்களின் பாடங்களை வீட்டில் இருந்தே இலவசமாகக் கேட்கலாம். 2017-ல் "ஸ்வயம்" வந்தது. அதே ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு "தீக்ஷா" வந்தது. 2018-ல் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் அச்சிட்டு இருந்தார்கள். செல்போனை அதன் மேல் காட்டினால் பாடத்தின் படம் ஓடும்.

கிராமத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பேராசிரியரின் குரல் கேட்கிறது. இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் குரலைக் கேட்பதோடு நின்றால், அது பழைய சொற்பொழிவுதான். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, பதிலைப் பார்த்துப் பதில் சொல்லும் பாடங்கள் இன்னும் எவ்வளவோ வேண்டும்.

பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு இதில் வேலையும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு கம்பெனிகளுக்குப் பாடம் தயாரித்து அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும் அல்ல, தெளிவாக எழுதத் தெரிந்தவர்களும், படம் போடத் தெரிந்தவர்களும், நல்ல குரல் உள்ளவர்களும் தேவைப்படுகிறார்கள். இப்போது செயற்கை அறிவு ஒரு நிமிடத்தில் நூறு கேள்விகளை எழுதித் தந்துவிடுகிறது. ஆனால் ஈரோட்டில் உள்ள ஒரு சாயப்பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதை, அங்கே போய் அவன் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எழுத முடியும்.

அந்தப் பையன் எந்த மொழியில் நினைக்கிறானோ அந்த மொழியில் பாடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியது இல்லை. ஆனால் சொல்லும்படிதான் இருக்கிறது நிலைமை. ஆங்கிலப் பாடத்தை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி, பட்டறையில் யாருமே சொல்லாத சொற்களைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

கம்பெனிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. யார் யார் பாடத்தை முடித்தார்கள், எவ்வளவு மதிப்பெண் என்பது தானாகவே பதிவேட்டில் ஏறிவிடும். பாடமும் பதிவேடும் பேசிக்கொள்வதற்கு "ஸ்கார்ம்" என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அமெரிக்க ராணுவ இலாகாவின் முயற்சியால் 2000-ம் ஆண்டில் வந்தது. யார் தயாரித்த பாடமும் யாருடைய கம்ப்யூட்டரிலும் ஓடுவது அதனால்தான். ஆனால் "முடித்தார்" என்று மட்டும்தான் பதிவேடு சொல்லும். "கற்றார்" என்று சொல்லத் தெரியாது. விபத்து நடந்தபிறகு "எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள்தான்" என்று அந்தப் பதிவேட்டை எடுத்து நீட்டுவதற்காகவே சில இடங்களில் பாடம் நடத்துகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வெள்ளோட்டம்

பாடம் தயாரானதும் அதை உடனே வெளியிடமாட்டார்கள். படிக்கப்போகிறவர்களில் நாலைந்து பேரை அழைத்து உட்காரவைப்பார்கள். தயாரித்தவர் பின்னால் நின்று பார்ப்பார். வாய் திறக்கக்கூடாது! விரல் எங்கே தயங்குகிறது, எந்த வரியை இரண்டு தடவை படிக்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்று குறித்துக்கொள்வார். எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால் படிப்பவர் மேல் குற்றம் இல்லை. பாடத்தைத் திருத்த வேண்டும்.

வெளியிட்ட பிறகும் வேலை முடியவில்லை. கேஸ் பாடத்தைப் படித்து ஒரு வாரம் ஆகி இருக்கும். ஒரு நாள் காலையில் செல்போனுக்கு ஒரே ஒரு கேள்வி வரும்.

"வீட்டில் கேஸ் வாசனை. ஹாலில் மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்கலாமா?"

"அணைக்கலாம்" என்று அழுத்துகிறவர்களுக்கு இருட்டு வீட்டுக் காட்சி மறுபடியும் திறக்கும். "கூடாது" என்று அழுத்துகிறவர்களுக்கு அடுத்த கேள்வி ஒரு மாதம் கழித்துத்தான் வரும்.